லாரி அடித்த வண்டி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் வெங்காயப் பட்டறை ஒன்று இருந்தது. காட்டிலிருந்து எடுத்து வந்த சின்ன வெங்காயத்தை விலை ஏறும்வரை காற்றாடக் கொட்டி வைக்கிற கொட்டகை. அதன் ஓரத்தில், கிழிந்த தார்ப்பாய்க்கு அடியில் ஒரு ஸ்கூட்டர் நின்றது. நின்றது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். இரண்டு டயரும் மண்ணில் அமுங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரில் தோளைக் கொடுத்துக்கொண்டு கிடந்தது. கால் வைக்கும் இடத்தில் எங்கள் கோழி முட்டையிடும். முட்டையை எடுக்கத் தார்ப்பாய்க்குள் கையை விடலாம். அதற்குமேல் எதையும் தொடக்கூடாது. யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும்.

அந்த ஸ்கூட்டரின் கதையும் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் அப்பா ஒப்பந்த வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வாங்கிய வண்டி. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம், அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்பாவும் சித்தப்பாவும் அதில் திரும்பி வரும்போது, சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. ஓட்டிக்கொண்டு வந்த அப்பாவுக்குக் கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த சித்தப்பாவுக்கு இடது கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. பூலாம்பாடியில் அவருக்குப் பெண் பார்த்து நிச்சயம் செய்திருந்தார்கள். காலோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது.

ஏழாம் வகுப்புக்கு வருவதற்குள் இந்தக் கதையை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருந்தேன். பெரம்பலூரில் படித்தேன். என் பெஞ்சில் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தியின் அப்பா காரில் கொண்டுவந்து விடுவார். இன்னொருத்திக்கு மாமா சிங்கப்பூரில் இருந்தார். சொல்லிக்கொள்ள எனக்கு இருந்தது இந்த லாரி ஒன்றுதான். அதனால் சொல்லச் சொல்ல லாரியும் பெரிதாகிக்கொண்டே வந்தது. முதலில் ஆறு சக்கரம், பிறகு பத்து. கடைசியில் சொன்னபோது, லாரியின் அடியில் சிக்கிய சித்தப்பாவை அப்பா ஒரே கையால் இழுத்துக் காப்பாற்றிவிட்டு, ஓடுகிற லாரியைக் கல்லால் அடித்துக் கண்ணாடியையும் உடைத்துவிட்டார். காரில் வரும் பெண் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். அவள் அப்படிக் கேட்டதில் எனக்கு அளவில்லாத சந்தோஷம்.

கதையில் வராத அப்பா வேறு மாதிரி இருந்தார். சிமெண்ட் ஆலை வேலையை விட்டுவிட்டுக் காட்டு வேலையோடு நின்றுவிட்டார். எங்கே போவதென்றாலும் பஸ் அல்லது நடை. யாராவது பைக்கை நிறுத்தி "ஏறுங்க, போற வழிதான்" என்று கூப்பிட்டால்கூட, "நீங்க போங்க, பின்னால வரேன்" என்று சொல்லிவிட்டு நடப்பார். வீட்டில் சித்தப்பாதான் பேசுவார், சிரிப்பார், டிவியில் கிரிக்கெட் போட்டால் கத்துவார். அக்குளில் கட்டையைக் கொடுத்துக்கொண்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பார். அப்பா அவர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தம்பிக்கு அண்ணன் இப்படி மரியாதை கொடுப்பது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தோன்றியதுமில்லை.

அந்த வருஷம் சித்தப்பாவுக்கு ஒரு வழி பிறந்தது. அவரோடு படித்தவர் ஒருவர் பெரம்பலூர் புது பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தார். உட்கார்ந்து செய்கிற வேலை, கற்றுக்கொண்டு கூடவே இருந்துவிடு என்று கூப்பிட்டார். சித்தப்பா ஒரு வாரம் போனார். காலையில் எங்கள் ஊருக்கு வரும் டவுன் பஸ்ஸில் கூட்டம் பிதுங்கும். கட்டையோடு அவர் படியேறுவதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிடுவார். ஒருநாள் ஒரு கட்டை பஸ்ஸிலும் அவர் ரோட்டிலுமாக நின்றுவிட்டார். அன்றைக்கு மதியத்துக்குமேல்தான் கடைக்குப் போனார். இப்படியே போனால் வேறு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று கடைக்காரர் தன்மையாகத்தான் சொன்னார். மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிற மூன்று சக்கர வண்டிக்கு மனு கொடுத்திருந்தோம். வரும் என்றார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் சித்தப்பா சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"அண்ணே, நம்ம வண்டிய எடுத்துருவோம். பின்னால ரெண்டு பக்கமும் சக்கரம் வச்சுக் குடுக்குறாங்களாம். வலது கால் இருந்தாப் போதும், பிரேக் போட்டுக்கலாம்."

அப்பா தட்டில் கை வைத்தபடியே இருந்தார்.

"அது ஓடாதுடா."

"ஓட வைப்போம்ணே."

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார். அம்மா சித்தப்பாவைப் பார்த்தாள். சித்தப்பா ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அடுத்த கவளத்தை எடுத்தார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலையில் பின்பக்கம் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அப்பா தார்ப்பாயை எடுத்துவிட்டு வண்டியின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். முதல்முறையாக அதை முழுதாகப் பார்த்தேன். நீல நிறம் என்று நினைத்திருந்தது வெளிறிச் சாம்பலாகியிருந்தது. இடது பக்கத் தகடு முழுக்க உள்வாங்கி நசுங்கியிருந்தது. சீட்டுக்குள் எலி குடித்தனம் நடத்தியதில் பஞ்செல்லாம் வெளியே தொங்கியது. ஹேண்டிலுக்குக் கீழே குளவி மண்கூடு கட்டியிருந்தது. கோழி சற்றுத் தள்ளி நின்று, வீட்டைக் காலி செய்யச் சொல்லப்பட்டதுபோல் எங்களைக் கோபமாகப் பார்த்தது.

அப்பா அம்மாவிடம், "பெரம்பலூருக்குக் கொண்டுபோறேன்" என்றார்.

"குட்டியானை ஒன்னு சொல்லி ஏத்திட்டுப் போங்களேன்" என்றாள் அம்மா. சின்ன சரக்கு வண்டியை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"வேணாம். தள்ளிட்டே போறேன்."

"அம்மாந் தூரமா?"

அப்பா ஹேண்டிலைப் பிடித்து வண்டியைச் சுவரிலிருந்து நிமிர்த்தினார். எனக்குப் புது ஷூ வாங்க வேண்டியிருந்தது. பழையதில் கட்டைவிரல் வெளியே வந்துவிட்டது. அம்மா என்னையும் கூடப் போகச் சொன்னாள். சித்தப்பா கூட்டம் இல்லாத பஸ்ஸாகப் பார்த்து முன்னால் போய் மெக்கானிக் கடையில் இருப்பது என்று ஏற்பாடு.

சைக்கிள் கடையில் டயர்களுக்குக் காற்றடித்தோம். முன் டயர் பிடித்துக்கொண்டது. பின் டயர் கொஞ்ச தூரம் பிடித்துவிட்டு உஸ்ஸென்று இறங்கிவிடும். அதனால் கடைக்காரரிடம் பம்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார் அப்பா. அதைத் தூக்கி வருவது என் வேலை. அவர் ஹேண்டிலைப் பிடித்துத் தள்ள, நான் ஒரு கையில் பம்போடு மறு கையால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு, அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற மெயின் ரோட்டில் ஏறினோம்.

அந்த ரோட்டில் எத்தனை பஸ் போகும் என்பது தினமும் பஸ்ஸில் போகிற எனக்கு அதுவரை தெரியாது. ஒவ்வொரு பஸ்ஸிலும் ஜன்னலோரம் ஒரு தலை திரும்பிப் பார்த்தது. சிமெண்ட் லாரிகள் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போயின. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வாயில் வைத்தபடி பார்த்தார்கள். "என்னாங்க, பழைய இரும்புக்கா?" என்று ஒருவர் கேட்டார். அப்பா, "இல்லங்க, ஓட்டத்தான்" என்றார். அவர்கள் சிரித்தார்கள். நான் வண்டியின் நசுங்கிய பக்கமாக வந்து, ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி குனிந்து தள்ளினேன். சிறப்பு வகுப்புக்குப் போகிற பிள்ளைகளோடு எங்கள் பள்ளி வேன் வருகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வேன் கடந்தபோது ஷூ லேஸைக் கட்டுவதுபோல் உட்கார்ந்துகொண்டேன். காலில் செருப்புதான் போட்டிருந்தேன்.

"அப்பா, குட்டியானை வச்சிருக்கலாம்ல" என்றேன்.

"கால் வலிக்குதா? நீ சும்மா கூட வா. நான் தள்ளுறேன்."

"எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

அவர் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மேட்டில் ஏறும்போது வண்டி பின்னுக்கு வரும். அப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நெஞ்சால் முட்டி நிறுத்துவார். காற்றிறங்கும் இடத்திலெல்லாம் நின்று பம்படிப்பார். ஒரு குட்டியானைக்காரர் தானாகவே நிறுத்தி, காலி வண்டிதான், போட்டுக்கொண்டு போகிறேன் என்று கூப்பிட்டார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கஞ்சத்தனம் என்று நினைத்தேன். சும்மா கொடுத்தாலும் வாங்காத கஞ்சத்தனம் எப்படி இருக்க முடியும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மெக்கானிக் கடை பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிட்டார்கள். குண்டான மனிதர். கை ஒரு வேலையும் வாய் ஒரு வேலையும் செய்துகொண்டே இருக்கும். சித்தப்பா ஏற்கெனவே ஸ்டூலில் உட்கார்ந்து அவரோடு சிநேகமாகியிருந்தார். வண்டியைப் பார்த்ததும் பாய் இடுப்பில் கைவைத்துக்கொண்டார்.

"யா அல்லா. இத எந்த மண்ணுலேர்ந்து தோண்டி எடுத்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் என்றால், வண்டி சர்வீஸுக்கு விட்டுவிட்டுப் பெஞ்சில் காத்திருந்த நாலைந்து பேர். அதில் ஒருவரின் பக்கத்தில், கையில் குளிர்பானப் பாட்டிலோடு, என் பெஞ்சுப் பெண் உட்கார்ந்திருந்தாள். காரில் வருகிறவள். அன்றைக்குப் பார்த்து அவள் அப்பா பைக்கைக் கொண்டு வந்திருந்தார். புழுதி படிந்த தலையும், கையில் சைக்கிள் பம்புமாக நான் நின்றேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள், சித்தப்பாவின் காலைப் பார்த்தாள். அவள் கண் விரிந்தது. தன் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். லாரிக் கதைதான் என்று எனக்குப் புரிந்தது. அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. நாங்கள் அசிங்கமாகத்தான் இருந்தோம், ஆனால் எங்களிடம் கதை இருந்தது.

பாய் வேலையைத் தொடங்கினார். டேங்கைக் கழற்றிக் கவிழ்த்தபோது, டிகாஷன் நிறத்தில் ஏதோ சொட்டியது. பெட்ரோல் என்றே சொல்ல முடியாது, புளித்த பெயிண்ட் போல நாற்றம். கார்புரேட்டரைப் பிரித்தால் உள்ளே பச்சையாகப் பாசி பிடித்த மாதிரி. ஸ்பார்க் பிளக்கை உப்புத்தாளில் தேய்த்தார். கிளட்ச் கேபிள் இழுத்ததும் அறுந்தது. கிக்கரை மிதித்தால் அசையவே இல்லை. பிளக் இருந்த துளை வழியாக ஆயிலை ஊற்றி ஊறவிட்டார். அப்பா பக்கத்தில் குந்தியிருந்து, கேட்ட சாமானை எடுத்துக் கொடுத்தபடி இருந்தார்.

ஆயில் ஊறும் நேரத்தில் பாய் நசுங்கிய இடது பக்கத் தகட்டைக் கழற்றினார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது எப்படி இப்படிப் போச்சு?"

அப்பா வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா சொன்னார். "லாரிங்க பாய். சுண்ணாம்புக்கல் லாரி. அடிச்சுட்டு நிக்காமப் போயிட்டான்."

"இந்தக் காலும் அதுலதானா?"

"ஆமாங்க."

பாய்க்கு உண்மையாகவே மனசு பொறுக்கவில்லை. தகட்டைக் கீழே போட்டார். "பாவிப்பய. ஒரு ஆளு ரத்தத்துல கெடக்கான்னு தெரிஞ்சும் போயிருக்கான் பாருங்க. அவன் வெளங்குவானா? அவன் புள்ளகுட்டிதான் நல்லா இருக்குமா? இல்ல, நான் கேக்குறேன், அதுங்க நல்லா இருக்குமா?"

பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் தோழியின் அப்பா, "இவனுங்களையெல்லாம் உள்ள தள்ளணுங்க" என்றார். நானும் தலையாட்டினேன். அப்போது அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

அவர் ஏன் என்னைப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தில் கரி ஒட்டியிருக்கிறதோ என்று துடைத்துக்கொண்டேன்.

அப்பா எழுந்து நின்றார். கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போலப் பார்த்துவிட்டு, கையிலேயே வைத்துக்கொண்டார்.

"பாய், லாரி இல்ல."

"அண்ணே" என்றார் சித்தப்பா.

"லாரி எதும் வல்ல. ஓட்டுனது நான்தான். கல்யாண வூட்டுல குடிச்சிருந்தேன். பின்னால உக்காந்துகிட்டு இவன் வேணாம் வேணாம்னான். நான் கேக்கல. பாலத்துக் கட்டையில கொண்டுபோய் வுட்டுட்டேன்."

"அண்ணே, வுடுண்ணே. இப்ப எதுக்கு அது?"

"அவ்ளோதாங்க" என்றார் அப்பா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. கழற்றிக் கிடந்த தகட்டைப் பார்த்துச் சொன்னார்.

பக்கத்துக் கடையில் காற்றடிக்கும் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் தோழி உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் அப்பா செல்போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தார். காது, கழுத்து, உச்சந்தலை என்று எனக்கு எல்லாம் சூடாகிவிட்டது. ஆறு சக்கரம், பத்து சக்கரம், உடைந்த கண்ணாடி, ஒரே கையால் இழுத்தது, எல்லாம் அந்தச் சந்தில் ஆயிலோடு ஆயிலாகக் கொட்டிக் கிடப்பது போலிருந்தது. அப்பா குடிகாரர் என்பதைவிட, அதை இவள் முன்னால் சொல்லிவிட்டாரே என்பதுதான் என்னைக் கொன்றது. யார் கேட்டார்கள் இவரை? சித்தப்பாவே லாரி என்று சொல்லிவிட்ட பிறகு இவருக்கு என்ன வந்தது?

பாய் கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு, "அந்த ஸ்பேனரக் குடுங்க" என்று கை நீட்டினார். அப்பா கொடுத்தார்.

மதியத்துக்குமேல் கிக்கர் அசைந்தது. புதுப் பெட்ரோலும் ஆயிலும் கலந்து ஊற்றி, பாய் மாறி மாறி மிதித்தார். புஸ் என்று ஒரு சத்தம் வரும், போகும். கடைசியில் கடைப்பையன் ஒருவனை உட்காரவைத்து, இரண்டாவது கியரில் போட்டுச் சந்தின் கோடிவரை தள்ளினார்கள். வண்டி ஒருமுறை இருமி, இன்னொருமுறை இருமி, பிறகு பிடித்துக்கொண்டது. சந்து முழுக்க வெள்ளைப் புகை. மாடியில் துணி காயப்போட்டவர்கள் திட்டினார்கள். சித்தப்பா கட்டையைத் தூக்கி ஆட்டிச் சிரித்தார். புகைக்குள் என் தோழி இருந்த பெஞ்சைத் தேடினேன். அவர்கள் எப்போதோ போயிருந்தார்கள்.

பக்கச் சக்கரம் இரண்டும் பொருத்த ஒரு வாரம் ஆகும் என்றார் பாய். திரும்பும்போது பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. நான் போய் உட்காரவில்லை. ஷூவைப் பற்றியும் நான் கேட்கவில்லை, அவரும் மறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன். "லாரி இல்லையாம்மா?"

அம்மா கையில் இருந்த கரண்டி நின்றது. "யாரு சொன்னா?"

"அப்பா. கடையில எல்லாரும் இருக்கறப்ப."

"அவரேவா? அவரு வாயாலயா?"

ஆமாம் என்றேன். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லு." சொன்னேன். "திரும்பச் சொல்லு" என்றாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அசிங்கப்பட்டுவிட்டு வந்திருக்கிறேன், இவள் கதை கேட்கிறாள். மறுபடியும் சொன்னேன். பாலத்துக் கட்டை என்ற இடத்தில் அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் ஒங்க சித்தப்பாதான் லாரின்னாரு. அவரு அப்படிச் சொல்லவும் நாங்களும் லாரின்னோம். ஒங்கப்பா ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல" என்றாள். பிறகு, "சொல்லிட்டாரா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்பைத் தூண்டினாள்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. என் தோழி யாரிடமும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவள் அன்பாக இருந்தாள். தன் டிபன் பாக்ஸிலிருந்து எனக்கு எடுத்துக் கொடுத்தாள். "எங்க மாமாவும் குடிப்பாருடி" என்று ரகசியமாகச் சொன்னாள். அவள் கேலி செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த அன்பைத் தாங்க முடியவில்லை. வயிற்றுவலி என்று சொல்லி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கொண்டேன். அப்பா வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். டம்ளரைத் தலைமாட்டில் வைத்துவிட்டுச் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

வண்டியை எடுக்கப் போகும்போது நான் வரவில்லை என்றுதான் சொன்னேன். ஷூ இல்லாமல் பள்ளிக்கூடத்தில் திட்டு விழுகிறது என்று அம்மா அனுப்பிவிட்டாள். பாய் வண்டிக்கு அடர் சிவப்பில் பெயிண்ட் அடித்திருந்தார். இடது தகட்டைத் தட்டி நிமிர்த்தியிருந்தார், ஆனாலும் மேடும் பள்ளமும் தெரிந்தது. பின்னால் இருபுறமும் குட்டிச் சக்கரங்கள். சித்தப்பா கட்டைகளைப் பக்கவாட்டில் செருகிவிட்டு ஏறி உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தார். அவரை அந்த உயரத்தில், இரண்டு கையும் விரித்தபடி பார்க்க வேறு ஆள்போல இருந்தது. சந்துக்குள் இரண்டு சுற்று சுற்றினார். ஒரு தரம் சாக்கடையோரம் போய், பிரேக் பிடித்து நிறுத்திக்கொண்டார். உட்கார்ந்தபடி அவரால் கிக்கரை மட்டும் மிதிக்க முடியவில்லை. அதை யாராவது மிதித்துக் கொடுக்க வேண்டும்.

"ஏறு பாப்பா" என்றார். ஏறினேன். "ஏறுண்ணே."

"நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடுறேன்" என்றார் அப்பா.

"ஏறுண்ணே."

"பழகாத வண்டிடா. பாரம் ஆகாது."

சித்தப்பா வண்டியை அணைத்துவிட்டார். சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அப்ப நாங்களும் போகல" என்றார்.

பாய் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பழைய துணியில் கை துடைத்தார். சந்தில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். பக்கச் சக்கரம் வைத்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு நகராமல் இருப்பதைவிட அவமானம் வேறில்லை. "ஏறுப்பா, எல்லாரும் பாக்குறாங்க" என்றேன். ஒரு வாரத்தில் நான் அவரோடு பேசிய முதல் வார்த்தை அது. சித்தப்பா சாவியைப் போட, அப்பா கிக்கரை மிதித்தார். பிறகு எனக்குப் பின்னால், சீட்டின் கடைசியில், ஒட்டாமல் உட்கார்ந்தார்.

புகையும் சத்தமுமாக மெயின் ரோட்டில் வந்தோம். சித்தப்பா மெதுவாகத்தான் ஓட்டினார். எங்களை முந்திய ஒவ்வொரு வண்டியும் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. புது ஷூப் பெட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா பாட்டுப் பாடினார். நடுவில், "காத்தப் பாத்தியாண்ணே" என்று கேட்டார்.

எங்கள் தெருவுக்குத் திரும்பும் இடத்தில் வண்டி ஒரு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. டீக்கடையில் ஆட்கள் இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

"அண்ணே, எறங்கி ஒரு உதை வுடுண்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா இறங்கவில்லை. சித்தப்பா இன்னொரு தரம் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. ஹேண்டிலைப் பிடித்தபடி தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதோ என்மேல் சாய்ந்துவிட்டிருந்த அப்பாவின் பக்கமிருந்து என் முதுகில் ஒரு நடுக்கம் விட்டு விட்டு வந்து மோதிக்கொண்டிருந்தது. ரொம்ப நாள் கிடந்த வண்டி, நின்ற பிறகும் ஆட்டம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆகும்போல என்று நினைத்துக்கொண்டேன். டீக்கடையில் இருப்பவர்கள் எழுந்து வருவதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டுமே என்பது மட்டும்தான் எனக்கு அப்போது கவலையாக இருந்தது.